விசில் கொடுத்தது நான்தான்

ஒரு டவுன் பஸ் ஓடுவதற்கு டிரைவர் வேண்டும், டீசல் வேண்டும், இரண்டு முறை விசில் சத்தம் வேண்டும். கண்டக்டர் கட்டாயமில்லை. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே நானாகக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த நேரத்தில் ஆரணிக்கு வெளியே ரைஸ்மில் ஸ்டாப்பில், ரோட்டோரமாக, காக்கிச் சட்டையும் தோள் பையுமாக நின்றுகொண்டிருந்தேன். என்னுடைய பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். என் வீட்டில் இதை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். அம்மா சொல்லும்போது நான் பஸ்ஸைத் துரத்திய தூரம் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போகிறது. இப்போதைக்கு வேலூரைத் தாண்டிவிட்டது.

என் பெயர் தேன்மொழி. (பெயரை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். அந்த நாட்களில் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்குத் தேனும் வராது, மொழியும் வராது.) என் அப்பா ஏழுமலை, கண்டக்டர். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதலில் பார்த்தவர் அவர்தான். அதற்கு முன்னால் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் குனிந்து நிமிர்ந்தவர்கள். அப்பாவுக்கு அப்படி ஒரு குரல். பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு ஊருக்குப் போக வந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் மனசு மாறுவார்கள்.

வேலையில் இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். வாரிசு வேலை ஒருவருக்குக் கிடைக்கும் என்றார்கள். வீட்டில் கூட்டம் போட்டார்கள். அம்மாவின் அண்ணன், என் மாமா, அப்போதே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"பொம்பளப் புள்ள எப்பிடிம்மா பஸ்ல தொங்கிகினு போவும்? தம்பி படிச்சி முடிக்கட்டும். அவனுக்குக் கேட்டுக்கலாம்."

தம்பி அப்போதுதான் காலேஜில் காலெடுத்து வைத்திருந்தான். அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? "நானே போறேன்" என்றேன். சொன்ன வேகத்தில் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். அவர்களைவிட அதிகமாக வாயடைத்துப் போனது நான்.

பயிற்சி முடிந்து, பஸ்ஸில் ஏறுவதற்கு முன் வீட்டில் ஒத்திகை நடந்தது. அம்மா நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு, கையில் ஒரு கூடையோடு உட்கார்ந்துகொண்டாள். நான் நடுவில் டிக்கெட் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

"டிக்கெட்..." என்றேன்.

"இன்னா?" என்றாள் அம்மா.

"டிக்கெட்."

"காதுல வுழல."

"டிக்கெட்டும்மா!"

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீதான? எதுக்கு என்னாண்ட கேக்கற?"

ஃப்ரீயானாலும் டிக்கெட் வாங்க வேண்டும் என்று நான் விளக்க, அது எதற்கு என்று அம்மா கேட்க, கடைசியில் பதில் சொல்ல முடியாமல் நான் அழ, ஒத்திகை அத்தோடு முடிந்தது. வீட்டுக்குள் ஓடிய பஸ்ஸிலேயே ஒரே ஒரு பயணியை என்னால் சமாளிக்க முடியவில்லை. அசல் பஸ்ஸில் என்ன ஆகும்?

ஆனது இதுதான். முதல் வாரத்தில் ஒரே பெரியவரிடம் இரண்டு தடவை காசு கேட்டேன். யூனிஃபார்மில் நின்ற போலீஸ்காரரிடம் "எங்க போவணும்?" என்று கேட்டுவிட்டு, அவர் முறைத்ததும் "சரிங்க, போயிட்டு வாங்க" என்றேன். உள்ளங்கை வியர்த்து, டிக்கெட் மிஷினிலிருந்து வந்த தாள் கையோடு ஒட்டிக்கொண்டது. பையின் ஜிப்பை மூடினேனா என்று பார்ப்பேன். பார்த்த பிறகு, சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி பார்ப்பேன். காலையில் இட்லி தொண்டையைத் தாண்டாது. வயிற்றுக்குள் யாரோ ஸ்டார்ட் செய்து விட்டுவிட்டுப் போன வண்டி மாதிரி ஒரு உதறல்.

பயம் போக என்ன வழி என்று போனில் தேடிப் பார்த்தேன். ஒரு வீடியோவில் ஓர் அம்மா சாந்தமாகச் சொன்னார்: கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்து, மெதுவாக விடுங்கள். அவர் காலை நேர டவுன் பஸ்ஸில் ஏறியதே இல்லை என்று நினைக்கிறேன். நான் முயற்சி செய்தேன். கண்ணை மூடியதும் பிரேக் அடித்தார்கள். மூச்சை இழுத்ததும் முகத்துக்கு நேராக ஒருவர் கையைத் தூக்கி மேல் கம்பியைப் பிடித்தார். அத்தோடு அந்த வைத்தியத்தை விட்டுவிட்டேன்.

டிரைவர் தாமோதரன் அண்ணன் நல்ல மனிதர். ஆனால் பேச மாட்டார். அவருக்குப் புரிகிற ஒரே மொழி விசில். ஒரு விசில் அடித்தால் நிறுத்துவார், இரண்டு அடித்தால் எடுப்பார். நடுவில் 'வணக்கம்' என்றால்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டார். அன்று காலை கிளம்பும்போது போனை என்னிடம் நீட்டி, "உன் பைல போட்டு வையி" என்றார். அந்த இரண்டு வாரத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

எங்கள் பஸ் ஆரணியில் கிளம்பி, முள்ளிப்பட்டைத் தொட்டு, அப்படியே சில கிராமங்களைச் சுற்றிக்கொண்டு போகும். அன்றைக்கு முகூர்த்த நாள். பஸ்ஸுக்குள் நின்றவர்கள் மூச்சு விடுவதையே முறை வைத்துத்தான் செய்ய வேண்டும். பின்பக்கம் பாதிப் பேருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். முன்பக்கம் போக வழியில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் எல்லாக் கண்டக்டர்களும் செய்வதுதான்: அடுத்த ஸ்டாப்பில் பின்படியில் இறங்கி, வெளியே நடந்து, முன்படியில் ஏறிக்கொள்வார்கள். நானும் ரைஸ்மில் ஸ்டாப்பில் இறங்கினேன்.

இரண்டு படிக்கும் நடுவே நாலு எட்டு நடந்திருப்பேன். ஜிப்பை மூடினேனா என்று சந்தேகம் வந்தது. நின்று பார்த்தேன். மூடித்தான் இருந்தது. அப்போது ஒரு தாத்தா வந்தார்.

"இந்த பஸ்ஸு செய்யாறு போவுமாம்மா?"

"போவாதுங்க. செய்யாறு பஸ்ஸு பின்னால வரும்."

"பின்னாலன்னா எப்போ?"

ஒருவராவது என்னை நம்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில், எந்த பஸ், எங்கே நிற்கும், எந்தப் பக்கம் கை காட்ட வேண்டும் என்று விரிவாகச் சொல்ல ஆரம்பித்தேன். தாமோதரன் அண்ணன் ஹாரன் அடித்தார். எனக்குப் பதறிவிட்டது. ஐயோ, என்னால் லேட் ஆகிறதே! என்னால் ஒரு பஸ்ஸே காத்துக்கொண்டிருக்கிறதே!

விசிலை வாயில் வைத்து, நன்றாக, திருத்தமாக, இரண்டு முறை ஊதினேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் தயங்காமல் செய்த முதல் காரியம் அதுதான்.

பஸ் கிளம்பியது. யார் விசில் கொடுத்தது என்று எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது. பிறகுதான் விசில் என் வாயில் இருப்பது உறைத்தது. பின்படியில் தொங்கிக்கொண்டிருந்த வேட்டி கட்டிய ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். (எனக்கு டூட்டி முடிந்துவிட்டது என்று நினைத்தாராம்.) நானும் மரியாதைக்குப் பதில் கையசைத்தேன். அதை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"இன்னாம்மா, உன் பஸ்ஸு போவுதே?" என்றார் தாத்தா.

"ஆமாங்க."

"அப்ப நீ?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. ஓடினேன். ஸ்டாப், ஸ்டாப் என்று கத்த நினைத்தேன். வெளியே வந்தது வெறும் காற்று. மறுபடி விசில் அடிக்கலாமென்றால் அந்தச் சத்தம் எட்டாத தூரத்துக்கு பஸ் போய்விட்டது. மூளை ஒரு வழியாக வேலை செய்தது: டிரைவருக்கு போன் போடு! போட்டேன். மணி அடித்தது. பக்கத்தில் எங்கேயோ அடித்தது.

தாத்தாதான் சொன்னார். "உன் பைல போன் அடிக்குது பாரும்மா. எடு, உன் டிரைவரா இருக்கப் போறாரு."

அந்த நிமிஷத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. மாமா முகம் வந்தது. 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்வதற்காக அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊரிலிருந்து கிளம்புவது தெரிந்தது. அந்தக் காட்சிதான் என்னை உலுக்கியது. அழுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்று நடு ரோட்டுக்குப் போய்க் கையைக் காட்டினேன்.

ஒரு மொபட் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சம்பந்தம் என்ற நெசவாளர், முள்ளிப்பட்டுக்காரர். வண்டியின் பின்னால் வெள்ளைத் துணியில் கைக்குழந்தையைச் சுற்றியது போல ஒரு மூட்டை கட்டியிருந்தது.

"அண்ணா, அந்த பஸ்ஸப் புடிக்கணும். கொஞ்சம் இட்டுகினு போறீங்களா?"

"எந்த பஸ்ஸு?"

"என் பஸ்ஸு."

அவர் என் காக்கிச் சட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தூரத்தில் புழுதியைப் பார்த்தார். "ஏறும்மா" என்றார். "ஆனா வண்டில பாவு கீது. மடில வெச்சிக்கினு பத்தரமா உக்காரு. பட்டு நூலு. அலுங்கக்கூடாது."

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். சிக்கிக்கொண்டால் பிரித்தெடுப்பதற்குள் உயிர் போய்விடும். முதலாளி அன்று காலைதான் கொடுத்தாராம். இவர் வெகுநாளாக அதற்காகக் காத்திருந்தாராம். எனவே சம்பந்தம் அண்ணன் வண்டியை ஓட்டவில்லை, தாலாட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நிறுத்தி, யோசித்து, காலை ஊன்றிக் கடந்தார். எங்களை ஒரு சைக்கிள் முந்தியது. பிறகு தலையில் புல்லுக்கட்டோடு நடந்துபோன ஓர் அம்மா முந்தினார். துரத்தல் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, கொஞ்சம் ஜல்தியா..."

"பாவு கீதும்மா." சிறிது தூரம் போய்க் கேட்டார். "டிரைவரு வேணும்னே வுட்டுட்டுப் போயிட்டாரா?"

"இல்லண்ணா."

"யாரோ தப்பா ரைட்டு குடுத்துட்டாங்களா?"

"நான்தாண்ணா விசில் குடுத்தேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கினார். ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார். "தப்பா நெனைக்காத. ஓட்டிகினே சிரிச்சா வண்டி ஆடும், பாவுக்கு ஆவாது."

இந்த வேகத்தில் பஸ்ஸைப் பிடிக்கவே முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவருக்கு வேறு ஒன்று தெரிந்திருந்தது. பஸ் முள்ளிப்பட்டுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டுதான் மெயின் ரோட்டுக்கு வரும். ஏரிக்கரை மேலே போனால் நேராக அடுத்த ஸ்டாப். கரைமேல் ஏறினோம். அங்கேயும் அதே தாலாட்டுதான். நான் எனக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். இந்த ஸ்டாப்பில் கிடைக்காவிட்டால் அடுத்த ஸ்டாப். அதுவும் இல்லையென்றால் கடைசி ஸ்டாப். அங்கேயும் போய்விட்டதென்றால், திரும்பி ஆரணிக்கு வரத்தானே வேண்டும்? நடு ரோட்டில் படுத்தாவது நிறுத்துவேன்.

படுக்கத் தேவைப்படவில்லை. நாங்கள் போய்ச் சேரவும் பஸ் வளைவில் திரும்பவும் சரியாக இருந்தது. பாவை இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். தாமோதரன் அண்ணன் பிரேக் அடித்தார். என்னைப் பார்த்த அவர் முகம் பேயைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. திரும்பி பஸ்ஸுக்குள் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ உள்ளதான இருந்த?"

"இல்லண்ணா."

"அப்ப ஸ்டாப்பு ஸ்டாப்புக்கு ரைட்டு குடுத்தது யாரு?"

"தெரியலண்ணா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "செக்கரு ஏறிகிறாரு. உன்னத்தான் தேடிகினு கீறாரு. பின்னால ஓடு, ஜல்தி ஏறு!"

பின்படிக்கு ஓடினேன். ஏறினேன். ஏறியதும், இத்தனை நடந்த பிறகும், பழக்கதோஷத்தில் இரண்டு விசில் கொடுத்தேன். பஸ் கிளம்பியது.

என் கையில் சம்பந்தம் அண்ணனின் பாவு. கீழே, மொபட்டில் ஒரு காலை ஊன்றியபடி, வாயைத் திறந்துகொண்டு சம்பந்தம் அண்ணன்.

உள்ளே வேறு ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. செக்கிங் இன்ஸ்பெக்டர் முள்ளிப்பட்டில் ஏறியிருக்கிறார். கண்டக்டர் எங்கே என்று கேட்டால் பின்னால் இருப்பவர்கள் முன்னால் என்கிறார்கள், முன்னால் இருப்பவர்கள் பின்னால் என்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நான் குள்ளம். கூட்டத்தில் எப்போதும் யாருக்கும் தெரிவதில்லை. அவர் அந்த நெரிசலில் முன்னும் பின்னுமாக நீந்திச் சட்டையெல்லாம் கசங்கிப் போயிருந்தார். ஸ்டாப்புகளில் ரைட் கொடுத்தது பூக்கார சாந்தி அக்கா. விசில் வரவில்லையே, பூ வாடுகிறதே என்று பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டி "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்திருக்கிறார். என் விசிலைவிட அது டிரைவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும்.

என்னைப் பார்த்ததும் சாந்தி அக்காதான் முதலில் கத்தினார். "சார்! இதோ கீறாங்க கண்டக்டரு! நான் சொல்லல, பின்னாலதான் இருப்பாங்கன்னு!"

இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "எங்கம்மா இருந்த? பஸ்ஸு பூரா தேடிட்டேன்." அவர் பார்வை என் இடது கைக்குப் போனது. "அது யாரு கொழந்த?"

"கொழந்த இல்ல சார்."

"பின்ன?"

"பாவு சார்."

"என்னுதுதான் சார்!" என்றார் சாந்தி அக்கா. "லக்கேஜு. கொஞ்சம் புடிச்சிக்கோன்னு நான்தான் குடுத்தேன்." அவர் எனக்குக் கண்ணைக் காட்டினார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் "ஆமா சார், ஆமா சார்" என்று தலையாட்டினார்கள். முன்பின் தெரியாத எனக்காக ஒரு பஸ்ஸே பொய் சொல்லத் தயாராக இருந்தது. சும்மா தலையாட்டினால் போதும், தப்பித்துவிடலாம்.

அப்போது வெளியே ஒரு ஹாரன் விடாமல் அலறியது. ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சம்பந்தம் அண்ணன். பாவு இல்லாத அந்த மொபட் பஸ்ஸுக்குச் சமமாகப் பறந்துகொண்டிருந்தது. பள்ளமாவது மேடாவது! வேட்டி கொடி மாதிரி பின்னால் அடித்துக்கொள்ள, ஒரு கையை ஆட்டி, "என் பாவு! ஐயோ, என் பாவு!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

இன்ஸ்பெக்டர் சாந்தி அக்காவைப் பார்த்தார். சாந்தி அக்கா பூக்கூடையைப் பார்த்தார்.

நான் ஒரு விசில் கொடுத்தேன். பஸ் நின்றது. ஒரு கையால் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் படியிலிருந்து எடுக்காமல், குனிந்து பாவை அவரிடம் நீட்டினேன். அவர் துணியைப் பிரித்து உள்ளே பார்த்து, மூடி, மார்போடு அணைத்துக்கொண்டார். "மன்னிச்சிக்கோங்கண்ணா" என்றேன். "பரவால்ல போம்மா. முதல்ல நீ முழுசா ஏறு" என்றார்.

முழுசாக ஏறி, இன்ஸ்பெக்டர் எதிரில் போய் நின்றேன். இனிமேல் பயப்படுவதற்கு என்ன மீதி இருக்கிறது என்று யோசித்தேன். இரண்டு வாரமாக எதையெல்லாம் நினைத்து நடுங்கினேனோ, அதைவிடக் கேவலமான ஒன்று ஏற்கனவே நடந்து முடிந்திருந்தது. அந்த அளவுக்குக் கற்பனை செய்ய எனக்கே தைரியம் வந்ததில்லை.

"சார், ரைஸ்மில் ஸ்டாப்புல நான் கீழ எறங்கினேன். ஏறதுக்கு முன்னாலயே விசில் குடுத்துட்டேன். பஸ்ஸு போயிடுச்சி. அந்த அண்ணன் வண்டில வந்து புடிச்சேன். யார் மேலயும் தப்பில்ல. விசில் குடுத்தது நான்தான்."

பேசப் பேச என் குரல் பஸ் முழுக்கக் கேட்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முன் சீட்டில் தாமோதரன் அண்ணன்கூடத் திரும்பிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். "பஸ்ஸத் தவறவுட்ட பயணிங்களப் பாத்துகிறேன்" என்றார். "பஸ்ஸத் தவறவுட்ட கண்டக்டர இப்பதாம்மா பாக்கறேன்."

பின் சீட்டில் யாரோ ஒருவருக்கு அடக்க முடியவில்லை. அவர் ஆரம்பித்து வைத்ததும் பஸ்ஸே குலுங்கியது. சாந்தி அக்கா சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்து மல்லிகை கொட்டியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்காமல், மீசையை ஒரு மாதிரி கோணிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சரி, பாக்கிப் பேருக்கு டிக்கெட் போடு. நான் நிக்கறேன்."

"டிக்கெட்!" என்றேன். அப்பாவின் குரல் இல்லை அது. பிரஷர் குக்கரின் குரல். ஆனால் எல்லாரும் திரும்பினார்கள். அந்த நெரிசலில் வழி விட்டார்கள். அன்று ஒருவரிடமும் இரண்டு தடவை காசு கேட்கவில்லை. பெண்களுக்கெல்லாம் ஃப்ரீ டிக்கெட்டைக் கையில் திணித்தேன். எதற்கு என்று கேட்ட ஓர் அம்மாவிடம் "கேக்காதீங்க, வாங்கிக்கோங்க" என்றேன். இவ்வளவு எளிய பதில் ஒத்திகையில் ஏன் வரவில்லை?

சாயங்காலம் டெப்போவில் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். பிறகு கனிவாகத்தான் பேசினார்.

"கொஞ்ச நாள் ஆபீஸ்லயே ஒக்காந்து வேல பாரேம்மா. பயமெல்லாம் தெளிஞ்சதும் பஸ்ஸுக்குப் போலாம்."

காலையில் அதைச் சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்து நன்றி சொல்லியிருப்பேன். ஃபேன், நாற்காலி, அசையாத தரை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நான் மறுபடி எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. என்னைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயங்கள் அந்த நாளில் குறைவு. இது ஒன்று தெரிந்தது.

"இல்ல சார். நாளைக்கும் அதே பஸ்ஸுக்கே போறேன்."

"மறுபடியும் வுட்டுட்டுப் போனா?"

"மறுபடியும் புடிச்சிடுவேன் சார்."

சொல்லிவிட்டு வெளியே வந்து, குழாயடியில் நின்று, முகத்தைக் கழுவுகிற சாக்கில் நன்றாக ஒரு பாட்டம் அழுதேன். காலையில் தள்ளிப்போட்ட அழுகை.

வீட்டுக்குப் போனால் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மாமாவும் சேர்ந்திருந்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார்.

அம்மா அரிசி களைந்துகொண்டே குறுக்கே பேசினாள். "இன்னா சொன்ன? வுட்டுட்டுப் போன பஸ்ஸத் தொரத்திப் புடிச்சிகிறா எம்பொண்ணு. போன மாசம் நின்னுகினு இருந்த ரயிலயே நீ வுட்டுட்டு வந்த."

மாமா காப்பியைக் குடித்துவிட்டு, வெயில் தாழ்ந்துவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை பயம் போயிருந்ததா என்றால், இல்லை. அதே இட்லி, அதே தொண்டை, அதே உதறல். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதே என்ற வெட்கம் புதிதாகச் சேர்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்ட் வாசலில் நின்று திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் மேனேஜரிடம் அப்படி ஒரு வசனம் பேசிவிட்டு வந்திருக்கிறேனே! அந்த வசனத்தைக் காப்பாற்றுவதற்காகவே ஏறினேன். பெரிய தைரியம் எல்லாம் இல்லை, அந்த ஒரு நாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் ஸ்டாப்பில் ஏறி நின்று இரண்டு விசில் கொடுத்தேன். பஸ் நகரவில்லை. மறுபடி கொடுத்தேன். நகரவில்லை. முன்னாலிருந்து தாமோதரன் அண்ணனின் குரல் வந்தது.

"ஏறிட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னது. "ஏறிட்டாங்க!"

அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தார். அது அன்றோடு நிற்கவில்லை. அந்த ரூட்டில் நான் இருந்தவரை ஒவ்வொரு நாளும் முதல் ஸ்டாப்பில் அவர் கேட்பார், பயணிகள் பதில் சொல்வார்கள். புதிதாக ஏறியவர்கள் இது ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துச் சேர்ந்து சொல்வார்கள். முதலில் கூசியது. பிறகு அந்தச் சத்தம் கேட்டால்தான் வயிற்று உதறல் அடங்கியது. பயம் இப்போதும் எப்போதாவது வரும். ஒரு கை கம்பியில், இரண்டு காலும் படியில், அப்புறம்தான் விசில். இதற்கு மேல் பயத்துக்கு மருந்து எதுவும் எனக்குத் தெரியாது.

விஷயம் பஸ்ஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் கல்யாணத்துக்கும் வந்துவிட்டது. முகூர்த்தம் முடிந்து, மண்டபத்து வாசலில் அலங்கரித்த காரில் நான் உட்கார்ந்ததும், மாமாவே ஜன்னலுக்குள் தலையை நீட்டி உரக்கக் கேட்டார். "கண்டக்டரம்மா ஏறிட்டாங்களா?"

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கத்தினார்கள். "ஏறிட்டாங்க! போலாம் ரைட்!"

கார் கிளம்பியது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன். காலி. திரும்பிப் பார்த்தால், பின் கண்ணாடியில், கழுத்தில் மாலையோடும் கையில் ஒற்றைச் செருப்போடும் மாப்பிள்ளை ஓடி வந்துகொண்டிருந்தார். செருப்பு தேடப் போனவரை யாரும் கவனிக்கவில்லை. பட்டுப்புடவையில் விசிலுக்கு ஏது இடம்? முழு அலங்காரத்தோடு, பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் கண்டக்டர் குரலில் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஓல்டேன்ன்ன்!"

கார் நின்றது. எதிரே வந்த ஷேர் ஆட்டோவும் நின்றது. மாப்பிள்ளை மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்து, என்னிடம் தனியாகப் பேசிய முதல் வார்த்தை, "நல்ல குரலுங்க."

இப்போது எங்கள் வீட்டில் பைக் அவ்வளவு சுலபத்தில் கிளம்பாது. முன்னால் டேங்க்கின் மேல் உட்கார்ந்திருக்கும் எங்கள் மகள் முதலில் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா ஏறியாச்சா?" என்பாள். ஏறியாச்சு என்று நான் சொல்ல வேண்டும். பிறகு அண்ணாந்து, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவள் அப்பாவைப் பார்த்து, அதே கண்டிப்போடு கேட்பாள்.

"அப்பா ஏறியாச்சா?"